சரியாக இரண்டு வினாடி

பிப்ரவரி 8, சனி

அன்புள்ள அண்ணிக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் "இருக்கிறேன்" என்பீர்கள். அதனால் கேட்கவில்லை. ஒரே ஊரில் இருந்துகொண்டு தபாலில் எழுதுவது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. இரண்டு பஸ் மாறினால் உங்கள் வீடு. ஆனால் போன் செய்தால் எடுப்பதில்லை. வாசலுக்கு வந்த மூன்று முறையும் கதவு திறக்கவில்லை, உள்ளே நாற்காலி நகரும் சத்தம் மட்டும் கேட்டது. நீங்கள் பிழை திருத்த அச்சகத்திலிருந்து மெய்ப்புக் கட்டு வருகிற வழியிலேயே இதுவும் வந்து விழட்டும். அதையாவது பிரித்துப் பார்ப்பீர்கள்.

காரியம் இருந்தால்தான் எழுதுவாயா என்று கேட்காதீர்கள். ஆமாம், காரியமாகத்தான் எழுதுகிறேன்.

நூலகத்தில் மூன்று மாடியிலும் சேர்த்து எண்பது கணினிகள். எதுவும் நேராக இணையத்துக்குப் போவதில்லை. கீழ்த்தளத்து அறையில் இருக்கும் ஒரே ஒரு சர்வர்தான் எல்லோருக்காகவும் வெளியே போய்ப் பக்கங்களை வாங்கி வந்து கொடுக்கிறது. அதற்குப் பெயர் ப்ராக்ஸி. அண்ணன் அதை 'வாசல்காரர்' என்பார், மரியாதையோடு. அதில் ஓடிய மென்பொருள் பழசாகிவிட்டது, ஓட்டை இருக்கிறது, மாற்றுங்கள் என்று தணிக்கைக்காரர்கள் எழுதிவிட்டார்கள். போன ஞாயிறு விடுமுறையில் புதிய பதிப்பைப் போட்டேன். திங்கள் காலை நூலகம் திறந்ததிலிருந்து ஒரே வினை.

ஒரு பக்கம் திறக்க ஒரு நிமிடம் ஆகிறது. வேலைக்கு விண்ணப்பம் நிரப்புகிறவர்கள் கடைசிப் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருக்கிறார்கள். நேரம் முடிந்தது என்று வருகிறது. மறுபடி முதலிலிருந்து. செய்தி படிக்க வரும் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், "பக்கம் வந்ததும் எழுப்பும்மா" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார்.

நினைவகம் பார்த்தேன், வன்தட்டு பார்த்தேன், கேபிளை மாற்றினேன். இணைய இணைப்பு தருகிற நிறுவனத்தாரை வரவழைத்து அவர்கள் மேல் பழியைப் போட்டுப் பார்த்தேன். அவர்கள் அளந்து காட்டிவிட்டுப் போனார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாம் என்றால் பழைய வன்தட்டை அன்றைக்கே அழித்துவிட்டேன். புதுச் செருப்பைப் போட்டு நாலடி நடந்து பார்க்கும் முன் பழையதைத் தூக்கி எறியாதே என்று அண்ணன் சொல்வார். சொன்னவர் இருந்தால் எறிந்திருக்க மாட்டேன்.

இன்னொரு தப்பும் செய்திருக்கிறேன். வாசல்காரர் எதை எப்படிச் செய்ய வேண்டும் என்று ஒரு கோப்பு இருக்கிறது. கான்ஃபிக் என்பார்கள். அண்ணன் பன்னிரண்டு வருடமாக எழுதியது, எழுநூறு வரிக்கு மேல். அதை ஒரு வரிகூடப் படிக்காமல் அப்படியே தூக்கிப் புதிய பதிப்பில் போட்டுவிட்டேன். படித்தால் அவர் பேசுவது போல இருக்கும். பதினான்கு மாதமாக அந்தக் கோப்பை நான் திறந்ததே இல்லை.

தலைமை நூலகர் மார்ச் 15 வரை கெடு கொடுத்திருக்கிறார். அன்றைக்குத் தணிக்கைக்காரர்களும் மறுபடி வருகிறார்கள். சரியாகாவிட்டால் பராமரிப்பை வெளி நிறுவனத்துக்குக் கொடுத்துவிடுவார். அண்ணனின் நாற்காலியில் நான் இருக்க மாட்டேன். அதில் உங்களுக்குப் பெரிய வருத்தம் இருக்காது என்று தெரியும்.

அண்ணன் ஒவ்வொரு வரியையும் எதற்கு எழுதினார் என்று ஒரு நீல அட்டை நோட்டில் குறித்து வைப்பார். அது வீட்டில்தான் இருக்க வேண்டும். தர முடியுமா?

அன்புடன்,
வாலு


பிப்ரவரி 13, வியாழன்

தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. பழக்க தோஷம், படிக்கும்போதே கை சிவப்புப் பேனாவைத் தேடியது. ஒன்பது பிழை. திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். ஒற்று விடுவதில் நீயும் உன் அண்ணனும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான்.

நீல நோட்டு அவர் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. நான் திறக்கவில்லை. திறக்கும் எண்ணமும் இல்லை.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன், இருக்கிறேன். இப்போது கையில் இருப்பது ஒரு புவியியல் பாடப் புத்தகம். முந்நூறு பக்கம். படிக்கிறேன், எதுவும் உள்ளே போவதில்லை. மலை, ஆறு, மழை, எல்லாம் வெறும் எழுத்து. பிழை மட்டும் கண்ணில் படுகிறது. ஒரு வகையில் வேலைக்கு அது நல்லது. முன்னைவிடக் குறைவாகத்தான் தவறவிடுகிறேன் என்று அச்சகத்தில் சொன்னார்களாம்.

நாற்காலியைப் பற்றி நீயே எழுதியதால் நானும் எழுதிவிடுகிறேன். அவர் போன பதினோராம் நாள் நீ அதில் உட்கார்ந்தாய். யாராவது உட்காரத்தான் வேண்டும், தெரியும். எனக்கு உன் மேல் இருப்பது அந்தக் கோபம் இல்லை. எது என்று உனக்கே தெரியும். போன் மணி அடித்தால் இப்போதும் அன்றைய மணியாகத்தான் கேட்கிறது. அதனால்தான் எடுப்பதில்லை.

நீ சொன்ன அதே திங்கட்கிழமையிலிருந்து இங்கேயும் ஒன்று நின்றுவிட்டது. சமையலறை அலமாரியில் உன் அண்ணன் வைத்துவிட்டுப் போன சின்னப் பெட்டி. அதில் ஒரு பச்சை விளக்கு பகலெல்லாம் மினுக்கிக்கொண்டே இருக்கும். இப்போது அசையாமல் எரிகிறது. கெட்டுப்போயிருக்கும். அதைப் பார்த்துத்தான் நான் உலை வைப்பது. இரண்டு நாள் வைக்கவே மறந்துவிட்டேன்.

வீட்டுக்கு வராதே.

அண்ணி


பிப்ரவரி 18, செவ்வாய்

அன்புள்ள அண்ணிக்கு,

ஒற்று பார்த்துப் பார்த்துப் போட்டு எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில்கூட இவ்வளவு பயந்ததில்லை.

வேறு வழியில்லாமல் கோப்பைத் திறந்து படிக்கத் தொடங்கிவிட்டேன். நான் நினைத்தது போல ஒன்றும் ஆகவில்லை. அழுகை வரவில்லை. எண்கள், குறிகள், அவ்வளவுதான். அழுகை வராதது எனக்கே என்னவோ போல இருந்தது.

ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன். ஒரு பக்கம் என்பது ஒரே பொருள் இல்லை. எழுத்து, படம், கோடு என்று முப்பது நாற்பது துண்டுகள் தனித்தனியாக வரும். ஒவ்வொரு துண்டையும் எடுத்து வர எவ்வளவு நேரம் என்று வாசல்காரர் குறிப்பு எழுதுவார். நூற்றுக்கணக்கில் எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் முதலில் இரண்டு வினாடி வீண். சரியாக இரண்டு. சர்வருக்குக் களைப்பு என்றால் ஒரு தடவை ஒன்று ஆகும், ஒரு தடவை நாலு ஆகும். எப்போதும் சரியாக இரண்டு என்றால் அது களைப்பில்லை. யாரிடமோ எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார். இரண்டு வினாடி பார்த்துவிட்டு, சரி, இனி வராது என்று தானே கிளம்புகிறார்.

யாரிடம் கேட்கிறார் என்றும் பார்த்துவிட்டேன். நானூற்றுப் பன்னிரண்டாவது வரி. வெளியே போகும் முன் பக்கத்து வீட்டில் கேள், அங்கே இருந்தால் வாங்கிக்கொள் என்று ஒரு ஏற்பாடு உண்டு. இரண்டு நூலகங்கள் அருகருகே இருந்தால் அப்படி வைப்பார்கள். நமக்குப் பக்கத்து நூலகம் கிடையாது. அந்த வரியில் பக்கத்து வீட்டு முகவரியாக ஓர் எண் மட்டும் இருக்கிறது. அது நூலகத்துக் கணினி எண்களில் எதுவும் இல்லை. கடைசியில் 118 என்று முடிகிறது.

அண்ணி, அந்தச் சமையலறைப் பெட்டியின் அடியில் ஏதாவது எண் ஒட்டியிருக்கிறதா, பாருங்கள். நோட்டையும் திறக்க வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். என்னால் வந்து திறக்க முடியாது, நீங்கள்தான் வராதே என்று எழுதிவிட்டீர்களே.

கோபம் எது என்று தெரியும் என்றீர்கள். தெரியும். அதைப் பற்றி எழுத இன்னும் தைரியம் வரவில்லை.

அன்புடன்,
வாலு


பிப்ரவரி 24, திங்கள்

தங்கைக்கு,

நாலு பிழைதான். தேறிவிட்டாய்.

பெட்டியின் அடியில் அவர் கையெழுத்தில் ஓர் எண் ஒட்டியிருக்கிறது. 118 என்றுதான் முடிகிறது.

நோட்டையும் திறந்தேன். நானும் ஏதாவது ஆகிவிடும் என்றுதான் இத்தனை நாள் திறக்கவில்லை. ஒன்றும் ஆகவில்லை. 412க்கு நேராக எழுதியிருப்பதை அப்படியே பிரதி எடுக்கிறேன். பிழைகளைத் திருத்தவில்லை.

"வீட்டு பெட்டி. அதுகிட்ட ஒண்ணும் இருக்காது, இல்லைன்னு சொல்லும், அவ்வளவுதான். கேட்டுட்டு போகட்டும். அவளுக்கு இங்க வேலை நடக்கறது தெரியும். பதில் வரலைன்னாலும் கேக்கறத விடக்கூடாது. வீட்ல கரண்ட் போனா இங்க ஸ்லோ ஆகும். அப்ப அவளுக்கு போன் போடு."

கரண்ட் போனால் ஐந்து நிமிடத்துக்குள் போன் வரும். "என்ன, கரண்ட் போச்சா?" என்பார். எப்படித் தெரிகிறது என்று பத்து வருடம் கேட்டேன். "மனசுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார். நான் பாதி நம்பினேன். பாவி மனுஷன்.

விளக்கின் கதையையும் சொல்கிறேன். கல்யாணமான புதிதில், வேலையில் உட்கார்ந்துவிட்டால் வீட்டு நினைப்பே இல்லை, எப்போது கிளம்புவீர்கள் என்றுகூடத் தெரியவில்லை என்று சண்டை போட்டேன். அதற்குப் பதிலாக இந்தப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். காலை ஒன்பதுக்கு மினுக்கத் தொடங்கும். மதியம் சாப்பாட்டு வேளையில் கொஞ்சம் ஓயும். ஆறு மணிக்கு நூலகத்தை மூடியதும் நிற்கும். நின்றால் அவர் கிளம்பிவிட்டார் என்று அர்த்தம். உலை வைப்பேன். வந்து கை கால் கழுவி உட்காருவதற்குச் சோறு பதமாக இருக்கும்.

அன்றைக்கு நாலு மணிக்கே அவர் உயிர் போய்விட்டது. விளக்கு ஆறு வரைக்கும் மினுக்கியது. ஆறு மணிக்கு நின்றது. நான் எழுந்து உலை வைத்தேன். ஏழு மணிக்கு நீ போன் செய்தாய். மூன்று மணி நேரம் நீ எனக்குச் சொல்லவில்லை. அந்த மூன்று மணி நேரமும் நான் ஒரு கவிதைத் தொகுப்புக்கு மெய்ப்பு பார்த்துக்கொண்டு, நடுநடுவே விளக்கைப் பார்த்துக்கொண்டு, இன்றைக்கு நல்ல கூட்டம் போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுதான் எனக்கு ஆறவில்லை.

அது அவர் இல்லை, யார் யாரோ பக்கம் தேடுவதுதான் என்று அன்றைக்கே புரிந்துவிட்டது. இருந்தும் பதினான்கு மாதம் அதைப் பார்த்துத்தான் உலை வைத்தேன். பயப்படாதே, ஒரு ஆளுக்குத்தான் அரிசி போட்டேன்.

அண்ணி


மார்ச் 3, திங்கள்

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. இரண்டு நாள் பையில் வைத்துக்கொண்டே அலைந்தேன். முதலில் வேலையை எழுதிவிடுகிறேன். அது சுலபம்.

என்ன நடந்தது என்று தெரிந்துவிட்டது. உங்கள் வீட்டு ரூட்டரில் அந்தப் பெட்டிக்காக அண்ணன் ஒரே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார். கதவுக்கு ஓர் எண் உண்டு. பழைய பதிப்பு அந்தக் கதவைத் தட்டும், பெட்டி கண் இமைக்கும் நேரத்தில் "இல்லை" என்று சொல்லும், வாசல்காரர் வெளியே போவார். புதிய பதிப்பு சொல்லாமல் கொள்ளாமல் வேறு எண்ணுள்ள கதவைத் தட்டுகிறது. அது பூட்டிய கதவு. தட்டுவது உள்ளே கேட்பதில்லை. அதனால்தான் உங்கள் விளக்கு மினுக்கவில்லை, எங்களுக்கு இரண்டு வினாடி. பதில் வராவிட்டாலும் கேட்பதை விடாதே என்று அண்ணன் எழுதி வைத்திருப்பதால் ஒவ்வொரு துண்டுக்கும் தட்டித் தட்டி நிற்கிறார்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கதவு எண்ணைப் பழையபடி மாற்றினேன். பக்கங்கள் கொட்டின. கணக்கு வாத்தியார், தூங்க நேரமே கிடைக்கவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டு போனார். உங்கள் விளக்கும் அப்போதிலிருந்து மினுக்கியிருக்க வேண்டும்.

ஆனால் அப்படியே விட முடியாது, அண்ணி. யோசித்துப் பார்த்தால் நூலகத்தில் யார் எதைத் தேடினாலும் அந்தக் கேள்வி உங்கள் சமையலறைக்கு வந்துவிட்டுத்தான் போகிறது. ஒருவர் தன் வியாதியைப் பற்றித் தேடியிருப்பார். ஒரு பெண் வக்கீலைத் தேடியிருப்பாள். நீங்கள் பார்த்தது விளக்கை மட்டும்தான், தெரியும். ஆனாலும் அது அவர்களுடையது. அண்ணன் செய்தது தப்பு. 15ஆம் தேதி தணிக்கைக்காரர்கள் இந்தக் கோப்பைப் படிப்பார்கள். வரி இருந்தால் எனக்கு வேலை போகும். அவர் பெயரும் கெடும். அவர்கள் வரும் முன் அழிக்க வேண்டும். அழித்தால் விளக்கு இனி மினுக்காது.

அந்த வரியைத் தமிழில் எழுதினால் இவ்வளவுதான்:

பக்கத்து வீடு, 118. எப்போதும் முதலில் கேள்.

நீங்கள் சொல்லாமல் அழிக்க மாட்டேன். பதில் வராவிட்டால் அது அங்கேயே இருக்கட்டும், வருவது வரட்டும். உங்களைக் கேட்காமல் ஒரு தடவை நானே முடிவு செய்தது போதும், உங்களுக்கு மிச்சம் இருப்பதை இரண்டாம் தடவையும் நானே கையில் எடுத்துக்கொள்ள முடியாது.

இனி அந்த மூன்று மணி நேரம். நான் அப்போது இரண்டாம் மாடியில் நூற்பட்டியல் பிரிவில் இருந்தேன். அண்ணன் மயங்கி விழுந்துவிட்டார் என்று யாரோ ஓடிவந்து சொன்னார்கள். ஆம்புலன்ஸ் வண்டியில் நான்தான் கூடப் போனேன். மருத்துவமனையில் வாசலிலேயே பார்த்துவிட்டு, முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். மணி நாலே கால். போனை எடுத்தேன், உங்கள் எண்ணையும் எடுத்துவிட்டேன். அழுத்த முடியவில்லை. நான் சொல்லாதவரைக்கும் உங்கள் வீட்டில் அண்ணன் உயிரோடு இருக்கிறார் என்று தோன்றியது. ஒரு வீட்டிலாவது இருக்கட்டுமே என்று நினைத்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எதிரில் ஒரு கடிகாரம் இருந்தது, அது ஓடியது எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கு நல்லது செய்ததாக நினைக்கவில்லை. எனக்குப் பயம், அவ்வளவுதான். மன்னிப்பு கேட்க வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்தேன். மன்னிப்பு என்ற சொல் போதாது. மன்னிப்பு கேட்கத்தான் மூன்று முறை வாசலுக்கு வந்தேன். மன்னிப்பு.

வாலு


மார்ச் 10, திங்கள்

வாலு,

நீ சொன்ன சனிக்கிழமை பதினொரு மணிக்கு நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அலமாரிப் பக்கம் ஏதோ அசைந்தது போல இருந்தது. பார்த்தால் மினுக்குகிறது. நாலு வாரம் கழித்து. சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருப்பாய். இல்லை. யாரோ ஒரு பெண் வக்கீலைத் தேடுகிறாள் என்று இப்போது உன் கடிதத்தைப் படித்த பிறகு நினைத்துக்கொள்கிறேன். பாவம், அவளுக்கு நல்ல ஆளாகக் கிடைக்கட்டும். ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். விளக்கு, அவ்வளவுதான். துக்கமும் வரவில்லை, ஆறுதலும் வரவில்லை. கை மட்டும் ஆறு மணிக்குத் தானாக உலை வைக்கிறது.

உன் கடிதத்தையே திருப்பி அனுப்புகிறேன். இந்தத் தடவை பிழை எண்ணவில்லை. மூன்றாம் பக்கத்தைப் பார். நீ தனியாக எழுதிய அந்த ஒரு வரியைச் சிவப்பில் அடித்து, ஓரத்தில் நீக்கல் குறி போட்டிருக்கிறேன். முப்பது வருடமாக நான் போட்ட குறியை எந்த அச்சகமும் மீறியதில்லை. நீயும் மீறாதே. கடைசிப் பத்தியில் மன்னிப்பு என்று நாலு இடத்தில் எழுதியிருக்கிறாய். மூன்றை அடித்துவிட்டேன். ஒன்று போதும். அதை வைத்துக்கொண்டேன்.

நீ பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை நேற்று முழுக்க நினைத்துப் பார்த்தேன். அந்தக் கவிதைத் தொகுப்பின் முதல் பிரதி இன்னும் இங்கே இருக்கிறது. நான் அந்த மூன்று மணி நேரத்தில் பார்த்த பக்கங்களில் பிழையே இல்லை. அவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கிறேன். அது நீ கொடுத்ததுதான். வேண்டாத பண்டம், ஆனாலும் கொடுத்தது.

வரியை அழிக்கும்போது ஒன்று செய். காலையில் அழிக்காதே, ஆறு மணிக்கும் அழிக்காதே. வெள்ளிக்கிழமை சரியாக நாலு மணிக்கு அழி. அன்றைக்கே நாலு மணிக்கு நின்றிருக்க வேண்டிய விளக்கு அது. நான் அலமாரிக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன்.

நின்றதும் எனக்குப் போன் செய். நான் எடுப்பேன். ஆனால் உடனே செய், ஏழு மணிக்கு இல்லை.

அண்ணி